முன்சக்கரம் பின்னோக்கிச் சுழன்ற காலை

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஜீப்பின் முன்சக்கரத்துக்கடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் புறப்பட்டுப் போய், குருக்கள் ஐயா கையில் வைத்திருந்த கற்பூரத் தட்டில் மோதியது. யாரும் எறியவில்லை. சக்கரம்தான் எறிந்தது.

நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்திருந்தோம். பின்சக்கரங்களுக்கு வைத்தவை இரண்டும் முறைப்படி நசுங்கின. முன்சக்கரப் பழங்களில் ஒன்று தட்டுக்குப் போனது. மற்றது வேலியோரம் செவ்வரத்தைச் செடிக்குள் போய் மறைந்தது. ஜீப் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே குளிர்க்காய்ச்சல் கண்ட ஆள்போல உதறியது. பின்சக்கரங்கள் மண்ணைப் பின்னால் வாரி எறிந்தன. முன்சக்கரங்கள் முன்னால் வாரி எறிந்தன. நனைந்த செம்மண்ணும் கற்பூரமும் டீசல் புகையும் கலந்து ஒரு மணம் எழுந்தது. இன்றைக்கும் அது என் மூக்கில் நிற்கிறது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த என் வீட்டுக்காரர் சிவலிங்கம் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக் ரியாஸைப் பார்த்தேன். ரியாஸ் சக்கரத்தைப் பார்த்தார். குருக்கள் ஐயா தட்டிலிருந்த பழத்தைப் பார்த்தார்.

"வண்டி இன்னும் ஒரு முடிவுக்கு வரலபோல" என்றார் அவர்.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. புதிய தவணை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஜீப் மலை ஏறாவிட்டால் என் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

மேற்கணக்குப் பள்ளிக்கூடம்

சென்ற வாரம் என் முழங்காலைப் பற்றி எழுதப் போய், வாசகர்கள் சொல்லியனுப்பிய தைலங்களை வைத்தே ஒரு கடை போடலாம் என்றாகிவிட்டது. அன்புக்கு நன்றி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் எங்கள் வீடு. ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் பிரிவை அங்குள்ளவர்கள் மேற்கணக்கு என்பார்கள். அங்கே ஒரே ஒரு நீண்ட மண்டபத்தில் ஐந்து வகுப்புகள். அதிபர் நான். ஆசிரியை நான். மணி அடிப்பவளும் நான்தான். வேறு ஆசிரியர்கள் வராமலில்லை. வந்தார்கள், ஏற்றத்தைப் பார்த்தார்கள், இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பஸ் தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும்தான். அதற்கு மேல் கல்லும் களிமண்ணுமாக ஒரு பாதை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். வெயில் காலத்தில் ஆட்டோ முக்கி முனகி ஏறிவிடும். மழை பிடித்துவிட்டால் நடைதான். பல வருடம் நடந்தேன். முந்திய மழைக்காலத்தில் கடைசி வளைவில் சறுக்கி விழுந்து முழங்காலைத் திருப்பிக்கொண்டதிலிருந்து, ஏற்ற இறக்கமே கூடாது என்று கண்டி டொக்டர் சொல்லிவிட்டார். மலையிலேயே வாழ்கிற கண்டிக்காரியிடம் சொல்கிற பேச்சா அது?

வலயக் கல்வி அலுவலகத்தில் எங்கள் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். ஒருமுறை எங்கள் ஏற்றத்தில் ஏறி, ஒரு சப்பாத்தை அங்கேயே பறிகொடுத்துவிட்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டவர். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரீச்சர், நீங்கள் வத்தேகமவிலயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. இடம் இருக்கு. மேல இருக்கிற பிள்ளையளக் கீழப் பள்ளிக்கூடத்தோட சேர்ப்பம்."

"மழைக்கு அந்தப் பிள்ளைங்க எப்படிங்க சேர் கீழ வருவாங்க? நடுவுல ஓடை பெருகிரும். சின்னதுகள அனுப்ப மாட்டோம்னு தாய்மார் இப்பவே சொல்றாங்க."

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. ஆனா ரீச்சர் வராத பள்ளிக்கூடத்த நான் எத்தின நாளைக்குத் திறந்து வச்சிருக்கிறது?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். வருகிற மழைக்காலத்துத் தவணையின் முதல் நாள் நான் மேலே போய்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டால் அது அப்படியே இருக்கும். முடியாவிட்டால் மூடிச் சேர்த்துவிடுவார்கள். "முதல் நாள் காலமை எனக்கு ஒரு போன் கோல் எடுங்கோ" என்றார்.

பார்வைக்கு மட்டும் ஜீப்

என் வீட்டுக்காரருக்கு வண்டிப் பித்து. மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளாக்கராக வேலை பார்த்தவர். காலமெல்லாம் குழாய்க் கணக்கு எழுதிய கை, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய ஜீப்பைக் கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தியது. உயரமான உடம்பு, பின்னால் தொங்கும் உபரிச் சக்கரம், கன்வஸ் கூரை. பார்த்தால் காட்டுக்குள் யானையைத் துரத்தும் என்று தோன்றும்.

முழங்கால் போன பிறகு அதில்தான் மேலே போய்ப் பார்த்தோம். தொழிற்சாலையைத் தாண்டி முதல் வளைவு. இரவு பெய்த மழையின் ஈரம். பின்சக்கரங்கள் இரண்டும் சுற்றோ சுற்று என்று சுற்றின. ரப்பர் கருகும் நாற்றம் வந்ததே தவிர, வண்டி ஒரு சாண் நகரவில்லை.

"ஜீப்புன்னா மலை ஏறணும்தானே?" என்று கேட்டேன்.

"இது ரெண்டு சக்கர ஜீப்பு, டீச்சரம்மா. இஞ்சின் பின்சக்கரத்த மட்டும்தான் சுத்தும்."

"மத்த ரெண்டு?"

"அது சும்மா கூட உருளும்."

"அப்ப அதையும் கழட்டிப் போட்டுட்டா பாரமாவது குறையுமே."

அவர் கோபித்துக்கொண்டு வீடு வரும்வரை பேசவில்லை. ஆனால் அந்தக் கோபம்தான் வேலை செய்தது. மறுநாளிலிருந்து போனில் வெள்ளைக்காரர்கள் ஜீப்புகளைப் பிரித்துப் போடும் படங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இந்த நாட்டில் இப்போது விற்கிற விலைக்கு, எங்களைப் போன்றவர்கள் அதை ரோட்டில் பார்க்கத்தான் முடியும். ஆகவே இருக்கிற ஜீப்பையே மாற்றுவது என்று முடிவு கட்டினார். என் சீட்டுக் காசு அந்த முடிவோடு போயிற்று.

ரியாஸ் அலவத்துகொடக்காரர். அங்கே ரோட்டோரமாக ஒரே ஒரு வண்டி நிற்கக்கூடிய சின்ன கராஜ் வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். அதுவும் ஆட்கள் பேசுவதை அல்ல, இஞ்சின் பேசுவதை. வந்தவர் ஜீப்புக்கடியில் போய்ப் படுத்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ஏலும் அண்ணே. ஆனா புதுச் சாமான் போட ஏலா. கழட்டின சாமான்ல தேடிப் பாப்பம்."

கண்டிக்குள் போன எக்சல்

தேடினார்கள். நோன்பு மாதத்தில் தொடங்கிய வேலை அடுத்த மழை வரைக்கும் இழுத்தது. காசு கையில் வருகிறபோது ஒரு சாமான், வராதபோது பேச்சு.

முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற கியர்ப் பெட்டி, நாவலப்பிட்டியில் மோதி நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து வந்தது. முன்பக்க எக்சல் கண்டிக்கு வெளியே ஒரு பழைய இரும்பு யார்டில் கிடைத்தது. இரண்டு முன்சக்கரங்களையும் சேர்க்கிற நீளமான இரும்பு அது. நடுவிலிருந்து சற்று ஒதுங்கி, ஒரு பக்கமாகப் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை. அதற்குள்தான் இழுவையைச் சக்கரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பற்சக்கரங்கள்.

லொறி பிடிக்கக் காசில்லை. ஆட்டோவில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் எக்சல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் கண்டிப் பட்டணத்தை ஊர்வலம் வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பொலிஸ்காரர் நிறுத்தி, வண்டிக்குள் வண்டியா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து இறங்கியபோது இவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கலியாணத்தன்று கூட அந்தக் களை இல்லை.

பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. கியர்ப் பெட்டியின் இழுவை வலப்பக்கமாக வெளியே வருகிறது. எக்சலின் உருண்டை இடப்பக்கமாக இருக்கிறது. இரண்டும் சந்திக்க வழியில்லை. வேறு எக்சல் தேட நேரமும் இல்லை, காசும் இல்லை.

ரியாஸ் வாசல் சீமெந்தில் சோக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தார். அழித்தார். மறுபடி போட்டார். பிறகு எழுந்து, "தலகீழாப் போடுவம்" என்றார். எக்சலை அப்படியே கவிழ்த்துவிட்டால் இடப்பக்கத்து உருண்டை வலப்பக்கம் வந்துவிடும். சக்கரம் பூட்டுகிற முனைகளை மட்டும் வெட்டி நிமிர்த்தி ஒட்டவேண்டும். பக்கத்து ஊரிலிருந்து பெயர்போன வெல்டிங்காரர் ஒருவரைக் கூட்டிவந்து ஒட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

பூசைக்கு முன் உருளக் கூடாது

என் மாமனார் ஒரு காலத்தில் லொறி வைத்திருந்தவர். பூசை போடாமல் எடுத்த முதல் லொறி முதல் நாளே வயலுக்குள் இறங்கி, ஒரு கிழமை அங்கேயே நின்றதாம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் சைக்கிள்கூடக் கற்பூரம் காணாமல் உருண்டதில்லை.

வேலை தொடங்கிய அன்றே என் வீட்டுக்காரர் ரியாஸிடம் சொல்லிவிட்டார். "தம்பி, எல்லாம் பூட்டி முடிச்சதும் பூசை போட்டுத்தான் சக்கரம் சுத்தணும்."

"சரி அண்ணே" என்றார் ரியாஸ்.

இந்த இரண்டு பேரையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நோன்பு மாதத்தில் ரியாஸ் எங்கள் முற்றத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அவர் முன்னால் தேத்தண்ணி குடிக்க இவருக்கு மனம் வரவில்லை. பின்வாசல் பக்கம் போய்க் களவில் குடித்தார். அது ரியாஸுக்குத் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு ரியாஸ், இவர் குடித்து முடிக்கட்டும் என்றே, தொழுதுவிட்டும் எழும்பாமல் உள்ளே உட்கார்ந்திருப்பார். அவர் தொழுகை முடியட்டும் என்று இவர் பின்வாசலிலேயே நிற்பார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க, வேலை அரை மணித்தியாலம் சும்மா கிடக்கும். நடுவில் நின்று பார்க்கிற எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

எக்சல் விஷயத்திலும் அதுதான் நடந்தது. எந்த வண்டியையும் ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் விடுகிறவர் அல்ல ரியாஸ். எல்லாம் பூட்டி முடித்த அன்று ஜாக்கைக் கையில் எடுத்தார். கொஞ்சம் நின்றார். பிறகு அதைத் திருப்பிப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் பார்த்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இவருக்கோ, சுற்றிப் பார்க்கவேண்டும் என்றால் அந்த மனிதர் கேட்டிருப்பாரே என்ற எண்ணம். ரியாஸுக்கு, பூசைக்கு முன் சக்கரம் சுற்றக்கூடாது என்று சொன்ன வீட்டில் அதைக் கேட்பது மரியாதையில்லை என்ற எண்ணம்.

பூசை நாளும் வந்தது. பின்சக்கரத்தால் மட்டும் பழம் நசுக்கினால் போதாது, நாலு சக்கரமும் சேர்ந்து நசுக்கவேண்டும் என்று இவர், முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கிற புதிய நெம்புகோலைத் தள்ளிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். மிச்சக் கதையை நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யூனிபோர்ம் தைக்கவா, வேணாமா

குருக்கள் ஐயா போன பிறகு ரியாஸ் வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எக்சலத் தலகீழாப் போட்டா உள்ளுக்கீக்கிற சுத்தும் மாறிப் போகும் அண்ணே. பின்சக்கரம் முன்னால சுத்தும், முன்சக்கரம் பின்னால சுத்தும். எனக்கு வெளங்கியீக்கணும். ஒருக்கா ஜாக்குல தூக்கிப் பாத்தீந்தா அப்பவே தெரிஞ்சீக்கும்."

"ஏன் தம்பி பாக்கல?"

"ஒங்கட பூசை. அதுல நான் கைவைக்க ஏலுமா?"

"தேவன்னா நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன் தம்பி. ஜாக்குல ஏத்திச் சுத்துறது உருள்றதுல சேராதுன்னு சொல்லியிருப்பேனே."

எனக்கு வந்ததே கோபம். "ரெண்டு பேரோட மரியாதையும் சேந்து என் பள்ளிக்கூடத்தப் பூட்டப் போகுது" என்று கத்திவிட்டேன். ரியாஸ், நான் ஊற்றி வைத்த இஞ்சித் தேத்தண்ணியைத் தொடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மழை மட்டும் வந்தது. அது வீட்டுத் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் உள்ளே பேச்சே கேட்கவில்லை. இவர் ஜன்னலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, வீட்டில் சுகமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மேற்கணக்கிலிருந்து பரமேஸ்வரி என்ற பெண் போனில் கூப்பிட்டாள். கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய கடைசிப் பிள்ளை அந்தத் தவணையில் முதலாம் வகுப்புக்கு வரவேண்டும்.

"டீச்சர், யூனிபோர்ம் துணிய வெட்டித் தைக்கவா, வேணாமா?"

"ஏன் இப்படிக் கேக்கிற?"

"இங்க பள்ளிக்கூடம் இல்லன்னா இவன நான் கீழ விட மாட்டேன் டீச்சர். ஓடைய நெனச்சா பயமா இருக்கு. வெட்டிட்டா துணி வீணாப் போயிரும். அடுத்த வருசம் பாப்போம்னு வச்சிருவேன்."

அடுத்த வருடம் பார்ப்போம் என்று வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாரும் அடுத்த வருடம் வந்ததில்லை. முற்றத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தேன். முன்னுக்கு ஒரு பக்கம், பின்னுக்கு ஒரு பக்கம் இழுக்கிற ஜீப்.

"தைச்சிரு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது.

கையை மட்டும் பிரித்து

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, தலையில் தொப்பியோடு நனைந்துபோய் ரியாஸ் வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு. கராஜில் கிடந்த ஒரு பழைய உருண்டையைக் கழற்றி மேசையில் வைத்து, அதையே இத்தனை நாளும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அண்ணே, எக்சல் தலகீழாவே ஈக்கட்டும். உள்ளுக்கீக்கிற பல்லுச் சக்கரக் கூட்ட மட்டும் வெளிய எடுத்து நிமித்திப் பூட்டுவம். இது கழட்டிப் பூட்டுற மாதிரிச் சாமான். அப்பச் சுத்துச் சரியாகும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சட்டையில் கையைத் திருப்பித் தைத்துவிட்டால் முழுச் சட்டையையும் பிரிப்பதில்லை. கையை மட்டும் பிரித்துத் திருப்பித் தைக்கிறோம். அவ்வளவுதான். அவ்வளவும் எங்கள் முற்றத்திலேயே, எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. ஒரு சதம் செலவில்லை.

சொன்ன மாதிரி அவ்வளவு லேசாக உள்ளே போகவில்லை. உள்ளே ஓர் இடத்தில் இடித்தது, தேய்த்தார்கள். சில ஓட்டைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, புதிதாகத் துளைத்தார்கள். மழை நிற்கவேயில்லை. ரியாஸ் சேற்றில் மல்லாந்து படுத்திருக்க, இவர் குடையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தான் முழுக்க நனைந்தார். நான் தேத்தண்ணியோடு போய் நின்று, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை.

பூட்டி முடிந்ததும் ரியாஸ் ஜாக்கை எடுத்து இவருக்கு முன்னால் வைத்தார்.

"அண்ணே, கேக்கிறன். சுத்திப் பாக்கணும்."

"சுத்துங்க தம்பி. நீங்க சுத்திக் காட்டாம நான் கற்பூரம் பத்த வைக்க மாட்டேன்."

ஜீப்பைத் தூக்கி நாலு மூலைக்கும் தென்னங்குற்றி கொடுத்தார்கள். நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் நின்றன. நெம்புகோலைத் தள்ளிவிட்டு, ஒரு பின்சக்கரத்தை ரியாஸ் பிடித்தார், மறு பின்சக்கரத்தை இவர் பிடித்தார். ஒன்றாகச் சேர்ந்து மெதுவாக முன்னோக்கி உருட்டினார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

யாரும் தொடாத முன்சக்கரம் அசைந்தது. நெற்றிக்கு மேலே கையை வைத்து மறைத்தபடி மழைக்குள் குனிந்து பார்த்தேன். முன்னோக்கித்தான். பின்னால் இரண்டு பேர் கையால் தள்ள, இத்தனை இரும்புக்குள்ளும் புகுந்து, நாவலப்பிட்டியில் நொறுங்கிய வண்டியின் பெட்டிக்குள் திரும்பி, இரும்பு யார்டில் கிடந்த எக்சலுக்குள் திரும்பி, அந்தத் தள்ளல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அவர்கள் நிறுத்தியபோது அதுவும் நின்றது. அவர்கள் தொடங்கியபோது அதுவும் தொடங்கியது. எத்தனை வருடம் வண்டிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன், இப்படி ஓர் அதிசயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"டீச்சர், எந்தப் பக்கம்?" என்று பின்னாலிருந்து ரியாஸ் கேட்டார்.

"சரியான பக்கம்தான் தம்பி."

இரண்டாவது பூசைக்குக் குருக்கள் ஐயா வந்தார். இந்த முறை கொஞ்சம் தள்ளியே நின்றார்.

ஏற்றம்

தவணையின் முதல் நாள் விடியும்போதே மழை. நாங்கள் புறப்படுகிற நேரம் ரியாஸ் வந்து சேர்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் ஏறி, பிள்ளைகளின் பாடப்புத்தகக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்.

தொழிற்சாலையைத் தாண்டியதும் இவர் நெம்புகோலைத் தள்ளினார். அடியில் எங்கோ ஒரு கனத்த சத்தம். முதல் வளைவு வந்தது. முன்பு ரப்பர் கருகிய இடம். நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி அந்த இடத்தில் யோசிக்கவேயில்லை. அப்படியே ஏறிற்று.

மேலே போகப் போகப் பாதை தண்ணீராயிருந்தது. கல்லுக்கு மேலே களிமண் கரைந்து ஓடியது. வேகமில்லை, அவசரமில்லை, ஒவ்வொரு கல்லாக மிதித்து ஏறியது. தேயிலைக்குள் பிளாஸ்டிக் சீலையைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். அந்த மழையில் அந்தப் பாதையில் வண்டி ஏறி அவர்கள் கண்டதில்லை. நாங்கள் மறையும்வரை நின்று பார்த்தார்கள்.

கடைசி வளைவுதான் என் முழங்காலை வாங்கிய வளைவு. மலையிலிருந்து தண்ணீர் பாதையைக் குறுக்கறுத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. நடுவில் வந்தபோது வண்டியின் பின்பக்கம் விலகியது. பள்ளத்துப் பக்கமாக மெதுவாக, மிக மெதுவாக வழுக்கியது. என் பக்கத்து ஜன்னலில் பாதை இல்லை; கீழே தேயிலைச் செடிகளின் தலைதான் தெரிந்தது. பின்னால் ரியாஸ் ஏதோ ஓதுவது கேட்டது. நான் முருகனைக் கூப்பிட்டேன்.

"விட்டுராதீங்க அண்ணே. மெதுவாக் குடுங்க. முன்னுக்குப் புடிக்கும்" என்றார் ரியாஸ்.

இவர் விடவில்லை. இஞ்சின் ஆழமாக முனகியது. அப்போதுதான் அது நடந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் எங்கோ ஒரு கல்லைப் பற்றின. பின்னாலிருந்து தள்ளுவது எனக்குப் பழக்கம். பஸ்ஸும் ஆட்டோவும் அப்படித்தான். இது முன்னாலிருந்து இழுத்தது. கையை நீட்டி ஓர் ஆள் நம்மைத் தூக்கி எடுப்பதுபோல வண்டியை முழுசாக இழுத்தது. பின்பக்கம் தானாகப் பாதைக்குத் திரும்பியது. தண்ணீர் பின்னால் போயிற்று.

வளைவைத் தாண்டியதும் இவர் வண்டியை நிறுத்தினார். இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ரியாஸ் முகத்தைத் துடைத்தார். மழை உள்ளே வரவில்லை. எனக்கு வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது. அழுதேன். நாலு பேர் கழற்றி எறிந்த இரும்பு, இரண்டு பிடிவாதக்காரர், ஒரு வருடத்துச் சேறு. அவ்வளவையும் சேர்த்தால் ஒரு மலை ஏறலாம் என்று யார் நினைத்தது?

பள்ளிக்கூடத்தில் போன் சிக்னல் தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும்தான் கிடைக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். வண்டிச் சத்தம் கேட்டு லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதிகாரி முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன ரீச்சர், ஏறேலாமப் போச்சே?" அவர் குரலில் எனக்காக வருத்தம் இருந்தது. "பறவாயில்ல. இந்த மழைக்கு யார்தான் ஏறுவினம். நான் விளங்கிக்கொள்ளுறன்."

"சேர், நான் மேல இருந்துதான் பேசுறேன்."

மழைச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேலயோ?"

"மேலதான் சேர்."

"பிள்ளையள்?"

திரும்பிப் பார்த்தேன். லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிற படிக்கட்டில் வாழையிலையும் உரச்சாக்கும் தலையில் கவிழ்த்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர்கள் பூட்டிய கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துக்கிட்டே இருக்காங்க சேர்."

"அப்ப அந்தப் பிள்ளையள மழையில நிக்க விட்டுட்டு என்னோட என்ன ரீச்சர் கதை? போய்க் கதவத் திறவுங்கோ."

போய்த் திறந்தேன்.